எஞ்சின் சூடு

ஜனவரி 12

வாண்டு,

உன் அண்ணன்தான் எழுதறேன். கடல் தாண்டி இங்க நான் நல்லா இருக்கேன். நீ, மாப்பிள்ளை, என் மருமக மூணு பேரும் எப்படி இருக்கீங்க? மருமக பரீட்சைக்குப் படிக்கிறாளா, இல்ல கண்ணாடி முன்னாடியே நிக்கிறாளா?

போன்ல பேசாம எதுக்கு லெட்டர்னு மாப்பிள்ளை கேப்பார். கேம்ப் ஆபீஸ்ல இருக்கிறது ஒரே போன். அதை ஒட்டி மேனேஜர் நாற்காலி. அந்த மனுஷன் முன்னாடி நாப்பது வயசுப் பொம்பளைய வாண்டுன்னு கூப்பிட்டா என் மரியாதை என்ன ஆகிறது?

எனக்குப் புது டிப்பர் குடுத்திருக்காங்க. புதுசுன்னா எனக்குத்தான் புதுசு. வண்டிக்கு என் வயசு இருக்கும். எஞ்சின் வெளிய இல்லை, என் வலது காலுக்குப் பக்கத்துலயே உக்காந்து கொதிக்குது. குவாரியிலிருந்து ஜல்லி மெஷினுக்குக் கல்லைக் கொண்டுபோய்க் கொட்டிட்டுத் திரும்பறதுக்குள்ள ஒரு கேன் தண்ணி காலி. குடிச்சு முடிச்ச நிமிஷமே நாக்கு ஒட்டிக்குது. இங்க இருக்கிற டிரைவர் எல்லாருக்கும் ஒரே வியாதிதான், எஞ்சின் சூடு. தலை வலிச்சா எஞ்சின் சூடு, மூலம் வந்தா எஞ்சின் சூடு, பொண்டாட்டி லெட்டர் போடலேன்னாலும் எஞ்சின் சூடு. கம்பவுண்டரும் அதையேதான் சொல்றார். நல்லாத் தண்ணி குடி, ஜூஸ் குடின்னு அனுப்பிடறார்.

கழுத்தைச் சுத்தி டீசல் அழுக்கு படிஞ்சு கருப்பாயிடுச்சு. சோப்பு போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சுத் தோல்தான் எரியுது, கருப்பு போகமாட்டேங்குது. நீ சின்ன வயசுல குளிக்காம ஓடுவியே, அந்தக் கழுத்து ஞாபகம் வந்தது.

என் கூட்டாளி மெக்கானிக் ஸ்பானர் உன்னைக் கேட்டதாச் சொல்லச் சொன்னான். அவன் பேரே எல்லாருக்கும் மறந்துபோச்சு. என்னையும் இங்க யானைன்னுதான் கூப்பிடறாங்க.

உடம்பைப் பார்த்துக்கோ. மூட்டை தூக்காதே.

அண்ணன்

பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணனுக்கு,

வாண்டு எழுதறேன். நாங்க எல்லாரும் சுகம். உன் சுகத்தைப் படிச்சா சுகமாவே தெரியலையே? மருமக படிக்கிறா, கண்ணாடி முன்னாடி நின்னுக்கிட்டே.

ஏன்ணா, அண்ணி போனதுக்கப்புறம் உன்னை அதட்டறதுக்கு ஆளில்லேன்னு நினைச்சியா? வெறும் தண்ணியைக் குடிச்சா தாகம் எப்படி அடங்கும்? உடம்புல இருக்கிற சத்தெல்லாம் வேர்வையில போகுது. அதை யார் திருப்பிக் குடுக்கிறது?

எங்க மொத்த விலைக் கடையில போன வாரம் குளுக்கோஸ் பெட்டி ஒண்ணு லாரியிலிருந்து கீழே விழுந்துடுச்சு. டப்பா எல்லாம் நசுங்கிப்போச்சு, உள்ள பவுடர் பத்திரம். நசுங்கின சாமான் வேலை செய்யறவங்களுக்குப் பாதி விலை. பேக்கிங் பொம்பளைங்க எல்லாம் பாய்ஞ்சாங்க. நான் முதலாளிகிட்டயே சண்டை போட்டு வாங்கிட்டேன். லீவுக்கு வந்த உங்க வெல்டர் திரும்பறார்ல, அவர் கையில ரெண்டு டப்பா குடுத்தனுப்பியிருக்கேன். ஒரு கிளாஸ் தண்ணிக்கு மூணு ஸ்பூன் போடு. கஞ்சத்தனம் பண்ணாதே. தீர்ந்தா அடுத்ததுக்கு நான் இருக்கேன்.

குடிச்சியான்னு எழுதணும். என் மேல ஆணை.

வாண்டு

மார்ச் 19

வாண்டு,

நலம். உங்க நலத்துக்கு ஆசைப்படறேன். டப்பா வந்தது. ரெண்டும் என் மூக்கு மாதிரி சப்பையா இருக்கு.

அம்மாடி, அது என்ன பவுடரு! வாயில போட்டதும் ஜில்லுனு போகுது. காலையில ஒண்ணு, மதியம் ஒண்ணு, வண்டியை நிறுத்திட்டு ஒண்ணு. குடிச்ச உடனே ஒரு தெம்பு வருது, கொஞ்ச நேரம் கழிச்சு முன்னைவிட அசதியாப் போகுது. அப்புறம் இன்னொரு கிளாஸ் போடறேன். ரெண்டு டப்பாவும் அடி தெரியுது.

குடிக்கிறதெல்லாம் எங்கேயாவது போகணும்ல? ராத்திரி எத்தனை தடவை எந்திரிக்கிறேன்னு எண்ணறதை விட்டுட்டேன். ஷெட் கதவு கிறீச்னு கத்தும். அது கத்தினதும் இருட்டுல எவனாவது ஒருத்தன், 'யானை ஓட்டை டேங்க், வெல்டரைக் கூப்பிடுங்கடா'ம்பான். எல்லாரும் தூக்கத்துலயே சிரிப்பாங்க. வண்டியை வழியில நிறுத்தறேன்னு மேனேஜர் வேற சத்தம் போடறார்.

ஒரு நல்ல விஷயம். தொந்தி கரையுது. பெல்ட்டுல இருந்த கடைசி ஓட்டையும் பத்தலை. ஸ்பானர் ஆணி வச்சு அடிச்சுப் புதுசா ரெண்டு ஓட்டை போட்டுக் குடுத்தான். கல்யாணத்துல இருந்த மாதிரி ஆயிட்டேன். இனிமே யானைன்னு கூப்பிட்டா கோபம் வரும்.

என் கட்டிலுக்கு அடியிலயும் குளிக்கிற ரூம்லயும் எறும்புப் படையெடுப்பு. பவுடரைச் சிந்தறேன்னு எல்லாரும் திட்டறாங்க. டப்பாவைத் தண்ணிக் கிண்ணத்துக்கு நடுவுல வச்சிருக்கேன். அப்படியும் வருது.

மாப்பிள்ளைக்கு என் வணக்கம். மருமகளுக்கு முத்தம்.

அண்ணன்

மே 4

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்க எல்லாரும் நலம். உன்கிட்டேயிருந்து போன மாசம் ஒரு வரியும் வரலையே, என்ன ஆச்சு? லோடு ஜாஸ்தியா?

நீ மெலிஞ்ச கதையைக் கடையில சொன்னேன். எங்க வீட்டுக்காரருக்கும் ஒரு டப்பா அனுப்புடின்னு எல்லாரும் ஒரே கூத்து. உன் மாப்பிள்ளை தொந்தியைத் தட்டிக்கிட்டு, 'மச்சானைப் பார்த்துப் பொறாமையா இருக்கு'ன்றார். எனக்கு உன்னை அந்தக் கல்யாண உடம்போட பார்க்கணும்போல இருக்கு. ஒரு போட்டோ எடுத்து அனுப்பேன்.

அசதி இன்னும் போகலையா? அப்போ குடிக்கிறது பத்தலைன்னு அர்த்தம். வெல்டரோட தம்பியும் அங்க வேலைக்கு வர்றாராம். அவர் பையில நாலு டப்பா திணிச்சுட்டேன். துணி வைக்க எடமில்லேன்னு மூஞ்சியைத் தூக்கினார். சட்டை அங்கேயும் விக்கும், குளுக்கோஸ் விக்குமான்னு கேட்டேன். விக்கும்னார். எங்க அண்ணன் காசு குடுத்து வாங்கமாட்டார், நீ எடுத்துட்டுப் போன்னு சொல்லிட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. உடனே பதில் போடு.

வாண்டு

ஜூன் 23

வாண்டு,

நல்லா இருக்கேன். நீங்களும் அப்படியே இருக்கணும்.

என்ன, எழுத்தெல்லாம் பூசணிக்காய் மாதிரி இருக்குன்னு பார்க்கிறியா? சின்னதா எழுதினா எனக்கே தெரியமாட்டேங்குது. வெயில்ல கல்லையே பார்த்துப் பார்த்து கண்ணு கூசிப்போச்சு. சாயங்காலம் ரோடு தண்ணிக்குள்ள கிடக்கிற மாதிரி நெளியுது. கண்ணாடி போடற வயசு வந்தாச்சுன்னு ஸ்பானர் சொல்றான். அதனாலதான் பதில் எழுதறதைத் தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தேன். கோவிச்சுக்காதே.

நாலு டப்பாவும் வந்தது. நீ அனுப்பலேன்னா நான் எப்பவோ ஸ்டியரிங் மேலயே படுத்திருப்பேன்.

ஒரு கூத்து கேளு. ரெண்டு வாரம் முந்தி ஷூவைக் கழட்டறேன், சாக்ஸ் கழண்டு வரமாட்டேங்குது. பார்த்தா ஒரே ரத்தம், காய்ஞ்சு ஒட்டியிருக்கு. ஷூவுக்குள்ள கட்டைவிரல் அளவுக்கு ஒரு ஜல்லி! அது மேலயே கால் வச்சு அன்னிக்குப் பூரா ஆக்சிலேட்டரை மிதிச்சிருக்கேன். ஒரு சுருக்குனு கூட இல்லை. எஞ்சின் சூட்டுல கால் மரத்துக் கட்டையாயிடுச்சு. 'யானை இல்லடா, இவன் இரும்பு'ன்னு ஷெட்டே கைதட்டுச்சு. கம்பவுண்டர் ஊதா மருந்து போட்டுக் கட்டினார். இன்னும் ஈரமாத்தான் இருக்கு. வலி இல்லாத புண்ணுக்கு எதுக்குக் கவலை?

போட்டோ அடுத்த மாசம். முகத்துல கொஞ்சம் சதை போட்டதும் எடுக்கறேன்.

அண்ணன்

ஜூலை 8

அண்ணா,

நலம் விசாரிக்கிற நிலைமையில நான் இல்லை. முழுசாப் படி. கண்ணு தெரியலேன்னா ஸ்பானர் தம்பியைப் படிக்கச் சொல்லு.

நேத்து மதியம் சாப்பிடறப்ப, எல்லாரும் சிரிக்கட்டும்னு உன் கால் கதையை வாசிச்சுக் காட்டினேன். சிரிச்சாங்க. எங்க கல்லாவுல உக்கார்ற அக்கா மட்டும் கையிலிருந்த ஸ்பூனைக் கீழே வச்சுட்டாங்க. 'உங்க அண்ணன் நிறையத் தண்ணி குடிக்கிறாரா'ன்னு கேட்டாங்க. ஆமான்னேன். 'ராத்திரி எந்திரிச்சுக்கிட்டே இருக்காரா? சாப்பிட்டும் மெலியறாரா? கண்ணு மங்குதா?' ஆமா ஆமான்னு தலையாட்டினேன். கழுத்து கருத்திருக்கான்னு கேட்டப்ப உன் ஜனவரி லெட்டர் ஞாபகம் வந்துடுச்சு. அவங்களுக்குச் சர்க்கரை வியாதி. மாத்திரையில ஓட்டறாங்க. 'எனக்கு இதுல பாதி கூட வரலைடி, உடனே பார்க்கச் சொல்லு, கால் மரத்துப்போறது வரைக்கும் வந்தாச்சு'ன்னாங்க.

வீட்டுக்கு வந்து உன் லெட்டர் எல்லாத்தையும் எடுத்துப் பரப்பினேன். எல்லாத்தையும் நீயே எழுதியிருக்கே. ஒண்ணு விடாம எழுதியிருக்கே. சிரிச்சுக்கிட்டே எழுதியிருக்கே, நானும் சிரிச்சுக்கிட்டே படிச்சிருக்கேன்.

அது எஞ்சின் சூடு இல்லைண்ணா. கம்பவுண்டர் வேண்டாம். ரத்தம் பார்க்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. காலைக் காட்டு. லீவு தரலேன்னா வேலையை விட்டுட்டுப் போ. கேம்ப் ஆபீசுக்குப் போன் பண்ணினேன். டிரைவர் லோடுல இருக்கார், சொல்லிடறோம்னு வச்சுட்டாங்க. சொல்லுவாங்களோ மாட்டாங்களோ.

இனிப்பு எதையும் தொடாதே. அந்த டப்பாவைத் தூக்கி எறி. எத்தனை மிச்சம் இருந்தாலும் எறி.

வாண்டு

ஆகஸ்ட் 2

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

ஸ்பானர் எழுதறேன், உங்க அண்ணன் கூட்டாளி. நீங்க எல்லாரும் நல்லா இருக்கணும். எனக்கு ஸ்பானர் பிடிக்கத்தான் தெரியும், லெட்டர் எழுதி வழக்கமில்லை. தப்பிருந்தா மன்னிச்சுக்கங்க.

உங்க லெட்டர் ஷெட்டுக்கு வந்தப்ப அண்ணன் ஏற்கனவே ஆஸ்பத்திரியில இருந்தார். ஆபீஸ்ல யாரும் எங்ககிட்ட ஒண்ணும் சொல்லலை. ஒரு நாள் மதியம் டிப்பர் குவாரி ரோட்டுல அப்படியே நின்னுடுச்சு. எஞ்சின் ஓடிக்கிட்டே இருக்கு. நான் வண்டிதான் ரிப்பேர்னு டூல் பாக்ஸ் எடுத்துட்டு ஓடினேன். கதவைத் திறந்தா அண்ணன் ஸ்டியரிங்ல சாய்ஞ்சு கிடக்கார். உடம்பு நெருப்பா கொதிக்குது. பேச்சு குழறுது, தண்ணி தண்ணின்றார். ஷூவைக் கழட்டினப்ப நாத்தம் தாங்கலை அக்கா. விரல் ரெண்டு கருத்துப்போயிருந்தது.

சர்க்கரை பார்த்தாங்க. அந்த மெஷின் காட்டற அளவையும் தாண்டிப்போச்சாம். ரொம்ப நாளா இருக்கும், ஒருத்தருக்குமா தெரியலைன்னு டாக்டர் எங்களைத் திட்டினார். எஞ்சின் சூடுன்னு நினைச்சோம் சார்னு சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்தார். எனக்கு அழுகை வந்துடுச்சு. அந்தப் பெல்ட்டுல ஓட்டை போட்டது நான்தான்.

முழங்காலுக்குக் கீழ வலது காலை எடுத்துட்டாங்க. உயிர் முக்கியம்னு நான்தான் கையெழுத்துப் போட்டேன். கண்ணும் சரியாத் தெரியலை, உங்க லெட்டரை நான்தான் வாசிச்சுக் காட்டினேன்.

நீங்க சொன்னபடி குளுக்கோஸை எடுத்துட்டேன். கடைசி டப்பாவுல கொஞ்சம்தான் மிச்சம். அதுல ஒரு துளி யாரையும் தொட விட்டதில்லை அக்கா. போன மாசம் எனக்குக் காய்ச்சல் வந்து வாய் கசந்தப்ப ஒரு ஸ்பூன் கேட்டேன். 'வேற என்ன வேணும்னாலும் கேளு, இது என் தங்கச்சி எனக்குன்னு அனுப்பினது'ன்னு ஒளிச்சு வச்சுக்கிட்டார். அவ்வளவு பாசம் உங்க மேல.

வாண்டை அழ வேண்டாம்னு சொல்லச் சொன்னார். இனிமே ஷூ வாங்கினா ஒத்தைக்கு விலை பேசறேன்னு சொன்னார்.

இப்படிக்கு,
ஸ்பானர்

செப்டம்பர் 1

என் அண்ணாவுக்கு,

எப்படி இருக்கே? காய்ச்சல் விட்டுதா? புண் காயுதா? நாங்க இருக்கோம். நல்லா இருக்கோம்னு எழுதக் கை வரமாட்டேங்குது.

பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டாச்சு. வந்த மறுநாள் கிளம்பறேன். உன்னைக் கையோட கூட்டிட்டு வந்துடறேன். முன் ரூமைக் காலி பண்ணியாச்சு. கட்டில்லயிருந்து நாலு எட்டுல பாத்ரூம். மாப்பிள்ளை சுவத்துல பிடிச்சு நடக்கக் கம்பி அடிச்சுட்டார். உன் மருமக மாமாவுக்கு ஊசி போட நான் கத்துக்கறேன்னு கல்லா அக்கா வீட்டுக்குப் போய்ப் பார்த்துட்டு வந்தா.

இதை வாசிக்கிறது ஸ்பானர் தம்பின்னு எனக்குத் தெரியும். ஆனாலும் எழுதாம இருக்க முடியலை. அண்ணா, எனக்குத் தூக்கம் வரலை. தாகம் தாகம்னு நீ சொல்லச் சொல்ல, மேல மேல சர்க்கரையை அனுப்பினது நான். மூணு ஸ்பூன் போடு, கஞ்சத்தனம் பண்ணாதேன்னு எழுதினேனே! இந்தக் கையாலதான் எழுதினேன். அந்த வெல்டர் தம்பி பையிலிருந்து சட்டையை எடுத்து வெளிய போட்டுட்டுத் திணிச்சேன். எந்த எதிரியும் உனக்கு இப்படிப் பண்ணியிருக்க மாட்டான்.

ஒரே ஒரு வார்த்தை திட்டு. திட்டினா எனக்குக் கொஞ்சம் மூச்சு வரும்.

வாண்டு

செப்டம்பர் 20

வாண்டு

நான் நலம் நீ நலமா

ஸ்பானர் டூட்டிக்குப் போயிட்டான். நர்சம்மாகிட்ட பேனா கேட்டு நானே எழுதறேன். கோடு கோணலா இருக்கும். ஒரு பக்கத்துக்கு நாலு வரிதான் வருது.

நீ லூசு. அழுதியாமே.

ஒரு உண்மை சொல்றேன். திட்டக் கூடாது. எனக்குக் குளுக்கோஸ் பிடிக்கவே பிடிக்காது. நீ ஆசையா அனுப்பினியேன்னு குடிச்சேன் குடிச்சேன்னு சும்மா எழுதினேன். ஷெட்டுல எல்லாருக்கும் பங்கு போட்டுக் குடுத்துட்டேன். ஸ்பானர்தான் நிறையக் குடிச்சான். நான் ருசி பார்த்ததோட சரி.

இது தானா வந்தது. டாக்டரும் சொன்னார்.

இந்த லெட்டரைப் பத்தி ஸ்பானர்கிட்ட எழுதாதே. தெரியாமப் போச்சேன்னு அவன் ஏற்கனவே அழறான்.

கட்டில் ஜன்னல் பக்கம் போடு.

அண்ணன்

அக்டோபர் 5

அடேய் அண்ணா,

நலமாவது ஒண்ணாவது! உன் லெட்டரைப் படிச்சு எனக்கு வந்த கோபத்துக்கு நீ மட்டும் எதிர்ல இருந்திருக்கணும்.

பங்கு போட்டுக் குடுத்தியா? நான் முதலாளிகிட்ட தொண்டை கிழியக் கத்தி, பேக்கிங் பொம்பளைங்க பகையைச் சம்பாதிச்சு வாங்கி அனுப்பினா, நீ ஊருக்கெல்லாம் தானம் பண்ணிட்டு எனக்குக் கதை எழுதினியா? ஜில்லுனு போகுதாம், தெம்பா இருக்காம்! பெரிய நடிகன்தான் நீ. உன்னை நம்பி மாசக்கணக்கா அழுதேன் பாரு, என்னைச் சொல்லணும். சின்ன வயசுல முட்டாயைக் காக்கா தூக்கிட்டுப் போச்சுன்னு சொல்லி நீயே தின்னியே, அன்னிக்கே தெரிஞ்சிருக்கணும். நேத்துதான் ஒழுங்காத் தூங்கினேன்.

ஸ்பானர் தம்பி, அண்ணன் உங்ககிட்ட எழுத வேண்டாம்னார். நான் எழுதிட்டேன். இதை விடாம வாசிங்க. நீங்க குடிச்சதுக்கு எனக்குக் கோபம் இல்லை.

அண்ணா, பாஸ்போர்ட் ஆபீஸ்ல இன்னும் ஒரு மாசம்ன்றாங்க. கட்டில் ஜன்னல் பக்கம்தான். ஜன்னலுக்கு எதிர்லயே பஸ் ஸ்டாண்டு, படுத்துக்கிட்டே சத்தம் கேக்கலாம். எவன் எப்படி ஓட்டறான்னு குறை சொல்லிக்கிட்டே இருக்கலாம். சீக்கிரம் தேறி வா.

வாண்டு

நவம்பர் 11

அக்காவுக்கு,

ஸ்பானர் எழுதறேன். எப்படி இருக்கீங்கன்னு கேக்கத் தைரியம் இல்லை. போன்ல விஷயத்தைச் சொன்னதும் நீங்க போட்ட சத்தத்துல என்னால மேல பேச முடியலை. மேனேஜர் எந்திரிச்சு வெளிய போயிட்டார்.

காலை எடுத்த எடம் ஆறவே இல்லை. விஷம் ரத்தத்துல கலந்துடுச்சுன்னாங்க. கடைசி ரெண்டு நாள் நினைவில்லை. வலி தெரியலைன்னு டாக்டர் சொன்னார். நம்ம ஷெட்டு ஆளுங்க எல்லா டிப்பரையும் நிறுத்திட்டு அடக்கத்துக்கு வந்தாங்க. நாங்களே தூக்கினோம். கனமே இல்லை அக்கா.

உங்க கடைசி லெட்டர் வந்தப்ப நல்ல நினைவோடதான் இருந்தார். வாசிச்சேன். பங்கு போட்டுக் குடுத்ததாவும் நான் நிறையக் குடிச்சதாவும் வந்த எடத்துல எனக்குக் குரல் நின்னுடுச்சு. அண்ணன் கண்ணு சரியாத் தெரியாது, ஆனாலும் என் முகம் இருந்த பக்கமே பார்த்துக்கிட்டு இருந்தார். நான் ஒண்ணும் கேக்காம மேல வாசிச்சேன். முடிச்சதும், 'நம்பிட்டாடா'ன்னார். சிரிச்சார். இன்னொரு தடவை அந்தக் கோபத்தை வாசின்னார். மூணு தடவை வாசிச்சேன். அப்புறம் நல்லாத் தூங்கினார்.

அவர் சட்டை, பெல்ட், டப்பா எல்லாத்தையும் வெல்டர்கிட்ட குடுத்தனுப்பறேன்.

எனக்கும் மனசு சரியில்லை. சாப்பாடு இறங்குது, உடம்புல ஒட்டமாட்டேங்குது, என் பெல்ட்டும் லூசாயிடுச்சு. ராத்திரி எல்லாம் தொண்டை வறண்டு எந்திரிச்சு உக்காந்துடறேன். கவலைதான். போகப் போகச் சரியாயிடும். நீங்க தைரியமா இருங்க.

ஸ்பானர்

டிசம்பர் 1

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதறேன். இனிமே உன்னை நீன்னுதான் கூப்பிடுவேன். சாமான் வந்து சேர்ந்தது. பெல்ட்டுல நீ போட்ட ஓட்டையை எல்லாம் தடவிப் பார்த்தேன். அதுக்கு நீ அழாதே. நீ ஓட்டை போட்டே, நான் டப்பா அனுப்பினேன். ரெண்டு பேரும் பாசத்துலதான் பண்ணினோம்.

அண்ணன் டப்பாவை உன்னைக் கூடத் தொட விடலைன்னு ஆகஸ்ட்ல நீயே எனக்கு எழுதியிருந்தே. நீ மறந்துட்டே. நான் மறக்கலை. பங்கு போட்டது பொய்னு உனக்குத் தெரியும், அதனாலதான் அந்த ஒரு லெட்டரை மட்டும் உன்னை எழுதச் சொல்லாம, கண்ணு தெரியாம, கோணல் கோணலா அவரே எழுதினார். அதைப் பிரிச்ச உடனே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நாள் பூரா அழுதேன். அழுது முடிச்சுட்டு உக்காந்து அந்தக் கோபத்தை எழுதினேன். நம்பிட்டேன்னு நினைச்சுக்கிட்டுத் தூங்கினார்ல? நீ வாயைத் திறக்காம வாசிச்சியே, அதுக்கு நான் உனக்கு என்ன செய்யறது தம்பி?

முன் ரூம்ல கட்டில் அப்படியே இருக்கு. ஜன்னல் பக்கம். எடுக்க மனசு வரலை.

உன் லெட்டரைப் படிச்சுக்கிட்டே வந்து, கடைசியில எந்திரிச்சு நின்னுட்டேன். தொண்டை வறளுது, சாப்பாடு ஒட்டலை, பெல்ட் லூசு. கவலைன்னு எழுதியிருக்கே. கவலையாவே இருக்கட்டும், ஆனா அதை நீ சொல்லக் கூடாது, டாக்டர் சொல்லட்டும். இந்த லெட்டரை மடிச்சு வச்சுட்டு நேரா அந்த ஆஸ்பத்திரிக்குப் போ. ஒரு சொட்டு ரத்தம், அவ்வளவுதான் கேப்பாங்க. ஷெட்டுல எவனெவன் எஞ்சின் சூடுன்றானோ அத்தனை பேரையும் இழுத்துட்டுப் போ. நாளைக்குப் போறேன்னு சொல்லாதே. இந்த வீட்டுல நாங்க சிரிச்சுக்கிட்டே நாளைக் கடத்தினது போதும்.

பார்த்துட்டு வந்து என்ன சொன்னாங்கன்னு உடனே எழுது. உள்ளது உள்ளபடி எழுது. நான் சிரிக்கிற மாதிரி மட்டும் எழுதிடாதே.

அக்கா